வைட் ஆங்கிள் லென்ஸ்: எதை வாங்குவது, எங்கே நின்று எடுப்பது

கிட் லென்ஸோடு கேமரா வாங்கியவர்கள் அடுத்து என்ன லென்ஸ் என்று யோசிக்கும்போது இரண்டு கேள்விகளில் ஒன்று வரும். "50 மி.மீ. வாங்கலாமா?" என்பது ஒன்று. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். "வைடா ஒரு லென்ஸ் சொல்லுங்க" என்பதற்கு அப்படிச் சொல்ல முடியாது. எல்லாம் ஃப்ரேமுக்குள் வர வேண்டும் என்பதற்காகத்தான் இதைக் கேட்கிறார்கள். வாங்கிப் போட்டதும் எல்லாம் வந்துவிடுகிறது. ஆனால் எதுவும் பெரிதாகத் தெரிவதில்லை. மலை மேடாகிறது, கோபுரம் பின்னால் சாய்கிறது, குரூப் போட்டோவில் ஓரத்தில் நின்ற சித்தப்பா இரண்டு சுற்றுப் பெருத்துப் போகிறார்.

லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. வைட் லென்ஸ் படத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: பொருளுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறீர்கள், கேமரா மட்டமாக இருக்கிறதா. எந்த லென்ஸ் வாங்குவது என்ற கேள்விக்கும் இவற்றிலிருந்துதான் விடை வரும்.

முதலில் எண்கள்

லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. அதன் குவியத் தூரம். அது குறையக் குறையப் பார்வை அகலும். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் (கேமராவுக்குள் படம் பதியும் தகட்டின்) அளவு 36 × 24 மி.மீ. அதில் 50 மி.மீ. லென்ஸ் கிடைமட்டமாக 40 டிகிரி பார்க்கும். 35-ல் 54 டிகிரி, 24-ல் 74, 16-ல் 97, 14-ல் 104. பொதுவாக 35-லிருந்து கீழே வைட் என்றும், 24-க்குக் கீழே அல்ட்ரா வைட் என்றும் சொல்வது வழக்கம். தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கும் டெலி லென்ஸில் 200-க்கும் 202-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இந்தப் பக்கத்தில் 16-லிருந்து 14-க்கு வந்தாலே 7 டிகிரி கூடிவிடுகிறது. ஆகவே லென்ஸ் பெயரில் இருக்கும் 2 மி.மீ.யை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டிகிரிக் கணக்கு மனதில் நிற்காது. களத்தில் உதவுவது வேறொரு வாய்ப்பாடு. பொருள் இருக்கும் தூரத்தை ஒன்றரையால் பெருக்கினால், 24 மி.மீ.யில் அடங்கும் அகலம் கிடைக்கும். 16 மி.மீ. என்றால் இரண்டேகாலால் பெருக்க வேண்டும். எதிர்ச் சுவர் 10 அடி தள்ளி இருந்தால் 24-ல் 15 அடி அகலம் வரும், 16-ல் இருபத்திரண்டரை அடி. பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறையை எடுக்க 12 மி.மீ. வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 16-லேயே எதிர்ச் சுவரோடு பக்கச் சுவர்களும் உள்ளே வந்துவிடும்.

இவையெல்லாம் ஃபுல் ஃப்ரேம் எண்கள். கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா என்றால் நிக்கான், சோனி, ஃபியூஜியில் 1.5-ஆலும், கேனனில் 1.6-ஆலும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2-ஆலும் லென்ஸின் மி.மீ.யைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். 18-55 கிட் லென்ஸின் 18 உண்மையில் 27 அல்லது 29 மி.மீ. பார்வைதான். அதனால்தான் கிட் லென்ஸில் அறைக்குள் எடுக்கும்போது முதுகு சுவரில் முட்டுகிறது. கிராப் கேமராவில் நிஜமான அல்ட்ரா வைட் பார்வை வேண்டுமென்றால் 10 அல்லது 11-ல் தொடங்கும் லென்ஸ் தேவை.

மீன்கண் லென்ஸ், அதாவது ஃபிஷ்ஐ, வேறு சாதி. நேர்கோடுகளை அது வளைத்துவிடும். முதல் வைட் லென்ஸாக அதை வாங்க வேண்டாம்.

வாங்குமுன் செய்ய வேண்டியது

உங்களிடம் இருக்கும் படங்களையே கேளுங்கள். லைட்ரூம் போன்ற மென்பொருளில் படங்களை மி.மீ. வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். கிட் லென்ஸில் எடுத்தவற்றில் 18-ல் எடுத்தவை எத்தனை என்று பாருங்கள். நிறைய இருந்தால் உடனே வைட் லென்ஸ் தேவை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பின்னால் நகர இடமில்லாமல் 18-ல் எடுத்தேனா, முன்னால் நடக்கச் சோம்பல்பட்டு 18-லேயே விட்டுவிட்டேனா என்று பார்க்க வேண்டும். முதல் வகை அதிகம் என்றால் லென்ஸ் வாங்கலாம். இரண்டாவது வகை அதிகம் என்றால் கையில் இருப்பதே போதும்.

அடுத்து, கைபேசியில் இருக்கும் 0.5 கேமரா. ஐபோன் 11-லிருந்து இது சாதாரணமாகிவிட்டது. அதன் பார்வை ஏறத்தாழ 13 மி.மீ.க்குச் சமம். சில நாள் அதை மட்டுமே வைத்து எடுத்துப் பாருங்கள். படத்தின் தரத்தை விடுங்கள், அவ்வளவு அகலத்தை உங்களால் நிரப்ப முடிகிறதா என்பதுதான் சோதனை. 'பாதி வானம், பாதி தரை, நடுவில் ஒரு புள்ளி' என்றே படங்கள் வந்துகொண்டிருந்தால், 24 மி.மீ.க்குச் சமமான லென்ஸ் உங்களுக்குப் பொருந்தும். அதைவிட அகலத்துக்கு இப்போது காசு செலவழிக்க வேண்டாம்.

எந்த லென்ஸ்

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 16-க்குக் கீழே போக வேண்டியவர்கள் குறைவு. 12 மி.மீ., 10 மி.மீ. என்பதெல்லாம் கட்டட உள்வேலை எடுப்பவர்களுக்கும், அந்தப் பார்வையையே தன் பாணியாக வைத்துக்கொண்டவர்களுக்கும்தான். மற்றவர்களுக்கு அது வாங்கிய வாரம் மட்டும் கேமராவில் இருக்கும்.

கிராப் கேமராவில் ஆரம்பிப்பவர்களுக்குப் பெரிய செலவில்லாத வழிகள் உண்டு. பழைய கேனன் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு 2014-ல் வந்த இஎஃப்-எஸ் 10-18 மி.மீ. இன்றும் நல்ல பேரம். 240 கிராம்தான் எடை, கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் உண்டு, 22 செ.மீ. வரை பக்கத்தில் ஃபோகஸ் பிடிக்கும். அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் குறையக் குறைய அது பெரிது) எஃப் 4.5-ல்தான் தொடங்குகிறது. பகல் வெளிச்சத்துக்கு அது குறையே அல்ல, நட்சத்திரத்துக்குக் குறைதான். நிக்கானில் அதற்கு இணை ஏஎஃப்-பி டிஎக்ஸ் 10-20. ஆனால் டி90, டி7000 போன்ற பழைய கேமராக்களில் ஏஎஃப்-பி லென்ஸ்களுக்கு ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. காசு கொடுக்குமுன் உங்கள் மாடலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மிரர்லெஸ் கிராப் கேமரா என்றால் சிக்மா 10-18 எஃப் 2.8, டேம்ரான் 11-20 எஃப் 2.8 இரண்டும் வெளிச்சம் குறைந்த இடத்திலும் கைகொடுக்கும். இரண்டும் ஒன்றுக்கு மேற்பட்ட மவுண்ட்களில் (லென்ஸைக் கேமராவில் பொருத்தும் இணைப்பு) கிடைக்கின்றன. உங்களுடையது எது என்று பார்த்து வாங்க வேண்டும். சோனியில் ஜூம் வேண்டாம் என்பவர்களுக்கு 11 மி.மீ. எஃப் 1.8 இருக்கிறது. 200 கிராமுக்கும் குறைவு. வீடியோவில் கேமராவைக் கையில் நீட்டிப் பிடித்துப் பேசுபவர்கள் இதை விரும்புவதில் ஆச்சரியமில்லை.

ஃபுல் ஃப்ரேமில் 16-35 எஃப் 4 என்ற அமைப்புதான் உழைப்பாளி. கேனன் இஎஃப் 16-35 எஃப் 4 ஐஎஸ், சோனி 16-35 எஃப் 4, நிக்கான் இசட் 14-30 எஃப் 4 எல்லாம் இந்த வகை. எஃப் 2.8-க்கு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு விலை கொடுக்குமுன் யோசியுங்கள். வைட் லென்ஸில் எடுக்கும் பெரும்பாலான படங்கள் எஃப் 8-ல்தான் எடுக்கப்படுகின்றன. இரவு வானமும் கல்யாண மண்டபமும் உங்கள் தொழிலாக இருந்தால் மட்டும் 2.8. குறைந்த செலவில் என்றால் கேனன் ஆர்எஃப் 16 மி.மீ. எஃப் 2.8 இருக்கிறது. 165 கிராம். கோடுகள் நன்றாகவே வளையும், கேமராவும் மென்பொருளும் அதைத் திருத்திக் கொடுத்துவிடும். ஓரங்கள் கொஞ்சம் மென்மையாக இருக்கும். அந்த விலைக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

முன்கண்ணாடி முட்டை போல வெளியே புடைத்திருக்கும் லென்ஸ்கள் சில உண்டு. சாம்யாங் 14 எஃப் 2.8, நிக்கானின் பழைய 14-24 எஃப் 2.8 ஆகியவை இப்படித்தான். இவற்றில் சாதாரண ஃபில்டரைத் திருக முடியாது. கடற்கரையில் எடுப்பவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. உப்புக் காற்றுக்குத் தடுப்பாக ஒரு கண்ணாடி போட வழியில்லாமல் போய்விடும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது

நம் ஊர்க் கடலோர ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வருவது சர்வசாதாரணம். கைபேசி டார்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, அப்பர்ச்சரைத் திறந்து வைத்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். தூசி தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். நாலைந்து புள்ளி இருந்தால் கவலையில்லை. நூல் நூலாக, கிளை பிரிந்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பரவியிருந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வைட் லென்ஸுக்கென்றே இன்னொரு சோதனை உண்டு. உள்ளே கண்ணாடி ஒன்று லேசாக நகர்ந்திருந்தால் படத்தின் ஒரு மூலை மட்டும் மங்கும். கீழே விழுந்த லென்ஸில் இது அதிகம். மொட்டை மாடிக்குப் போய், தூரத்தில் இருக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டியையோ செல்போன் டவரையோ ஃப்ரேமின் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்து, அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து நான்கு படம் எடுங்கள். நான்கிலும் அது ஒரே மாதிரி மங்கினால் லென்ஸின் இயல்பு அவ்வளவுதான். ஒன்றில் மட்டும் குழைந்து தெரிந்தால் லென்ஸில் கோளாறு. விற்பவர் "அதெல்லாம் எஃப் 8-ல சரியாயிடும் சார்" என்பார். கொஞ்சம் சரியாகும், முழுக்க ஆகாது.

வாங்கியபின் டிரை கேபினெட் இருந்தால் 40-லிருந்து 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கலாம். இல்லாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போதும். தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து.

கேமராவை மட்டமாகப் பிடிப்பது

இங்கிருந்து எடுக்கும் முறை. முதல் காரியமாக கேமராவின் திரையில் எலக்ட்ரானிக் மட்டத்தை இயக்கிவிடுங்கள். அநேகமாக எல்லா மிரர்லெஸ் கேமராக்களிலும் இது இருக்கிறது. இடவலச் சாய்வை மட்டும் காட்டும் மாடல்களும் உண்டு. முன்பின் சாய்வையும் காட்டினால் மிகவும் நல்லது.

வைட் லென்ஸை மேல்நோக்கிச் சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சரியும். எந்த லென்ஸிலும் இது நடக்கும், வைடில் பட்டவர்த்தனமாகத் தெரியும். கோபுரத்தை எடுக்கும்போது முதலில் இது உறைக்காது. கோபுரமே மேலே போகப் போகக் குறுகுவதால் கண் ஏமாந்துவிடும். பக்கத்தில் இருக்கும் மண்டபத் தூணையோ கொடிமரத்தையோ பாருங்கள். அது சாய்ந்து நின்றால் உங்கள் கோபுரமும் சாய்ந்துதான் நிற்கிறது.

சாய்க்காமல் உயரமான கட்டடத்தை எப்படி அடக்குவது? தஞ்சைப் பெரிய கோயிலை வைத்தே கணக்குப் போடுவோம். விமானத்தின் உயரம் சுமார் 216 அடி, அதாவது 66 மீட்டர். கேமராவை மட்டமாக வைத்தால் அடிவானம் படத்தின் நட்டநடுவில் விழும். மேல்பாதி மட்டுமே உயரத்துக்குக் கிடைக்கும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால் அந்த மேல்பாதி சென்சாரில் 18 மி.மீ.; படுக்கைவாட்டில் 12 மி.மீ.தான். கண்மட்டத்துக்கு மேல் உள்ள உயரத்தை லென்ஸ் மி.மீ.யால் பெருக்கி 18-ஆல் வகுத்தால் நீங்கள் நிற்க வேண்டிய தூரம் வந்துவிடும். 24 மி.மீ. லென்ஸுக்கு அது ஏறத்தாழ 86 மீட்டர். 16 மி.மீ.க்கு 57 மீட்டர். படுக்கைவாட்டில் பிடித்தால் 16-க்கே 86 மீட்டர் வேண்டும்.

கோயில் வளாகம் கிழக்கு மேற்காகச் சுமார் 240 மீட்டர், வடக்கு தெற்காகச் சுமார் 120 மீட்டர். விமானம் அச்சில் நிற்பதால், தென்பக்கமோ வடபக்கமோ மதிலை ஒட்டிப் போனாலும் உச்சிக்கு நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து 60 மீட்டருக்கு மேல் தள்ள முடியாது. மதிலை ஒட்டி ஓடும் திருச்சுற்று மாளிகையின் அகலத்தையும் கழித்துவிட்டால் 16 மி.மீ.யும் இழுத்துப் பறித்துத்தான் நிற்கும். ஆகவே நேர்ப்பக்கத்தில் நின்று போராட வேண்டாம். கிழக்கு நோக்கிச் சாய்கோணத்தில் நகர்ந்தால் தூரம் தாராளமாகக் கிடைக்கிறது. விமானத்தின் இரண்டு முகங்களும் தெரியும், ஒரு முகத்தில் வெயிலும் ஒன்றில் நிழலும் விழும்போது தளங்கள் எடுப்பாக வரும். அங்கே 20-லிருந்து 24 மி.மீ. போதும்.

இப்படி மட்டமாக எடுத்த படத்தில் கீழ்ப்பாதி முழுக்கத் தரையாக இருக்கும். அதை வெட்டிவிடலாம். கட்டடக்கலைப் புகைப்படக்காரர்கள் பெரும் விலை கொடுத்து வாங்கும் ஷிஃப்ட் லென்ஸ் செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான். கேனனின் 17 மி.மீ., 24 மி.மீ. டிஎஸ்-இ லென்ஸ்களில் லென்ஸை மட்டும் 12 மி.மீ. வரை மேலே நகர்த்தலாம். கேமரா மட்டமாகவே இருக்கும். இன்றைய 24 மெகாபிக்சல், 33 மெகாபிக்சல் கேமராக்களில் பாதியை வெட்டினாலும் வீட்டுச் சுவரில் மாட்டும் அளவுக்குப் படம் மிஞ்சும்.

வெட்ட வேண்டாம் என்றால் கீழ்ப்பாதிக்கு ஏதாவது வேலை கொடுங்கள். மழை விட்ட பிறகு கல் தளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதிர்ஷ்டம்தான். வேறெதுவும் இல்லாவிட்டால் விமானத்தின் நிழலே போதும். இன்னொன்று: நந்தியையும் விமானத்தையும் சேர்த்து எடுக்க வைட் லென்ஸ் ஏற்றதல்ல. நந்தியை ஒட்டி நின்று 16-ல் எடுத்தால் நந்தி மலையாகும், விமானம் பின்னால் பொம்மையாகும். விமானம் ஓங்கி நிற்க வேண்டுமென்றால் கிழக்கே வாயில் பக்கம் பின்வாங்கி 35, 50-ல் எடுக்க வேண்டும்.

தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடங்களில் டிரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். கையில் பிடித்தே எடுக்கப் பழகிக்கொள்ளுங்கள். வைட் லென்ஸில் கை நடுக்கம் அவ்வளவாகத் தெரியாது. ஸ்டெபிலைசேஷன் இருந்தால் 1/15 விநாடியிலும் கூர்மை வரும்.

பக்கத்தில் போவது

தூத்துக்குடி உப்பளத்தைக் கண்மட்டத்தில் நின்று 16-ல் எடுத்தால் கிடைப்பது ஒரு வெள்ளைக் கோடும் நிறைய வானமும்தான். அதே இடத்தில் வரப்பில் குந்தி, கேமராவை முழங்கால் உயரத்துக்கும் கீழே இறக்கி, பாத்தி ஓரத்தில் கட்டி தட்டியிருக்கும் உப்பிலிருந்து ஒன்றரை, இரண்டு அடியில் வையுங்கள். கீழ்மூன்றில் ஒரு பங்கு முழுக்க உப்புப் பரல்கள். சதுரம் சதுரமாக, நீர் விளிம்பில் லேசான இளஞ்சிவப்போடு. பாத்தி வரப்புகள் அந்த மூலையிலிருந்து கிளம்பி உள்ளே ஓடுகின்றன. தூரத்தில் அம்பாரமும் அதன் அருகில் தலைச்சுமையோடு நடக்கும் பெண்களும். அவர்கள் சிறிதாகத்தான் தெரிவார்கள், ஆனால் கண் அந்த வரப்பைப் பிடித்துக்கொண்டு அவர்களிடமே போய் நிற்கும்.

வைட் லென்ஸ் செய்யும் வேலை இதுதான். அருகில் இருப்பதைப் பெருக்கி, தூரத்தில் இருப்பதைச் சுருக்கும். சரியாகச் சொன்னால் லென்ஸ் அதைச் செய்வதில்லை. நீங்கள் பக்கத்தில் நிற்பதால் அப்படி ஆகிறது, அவ்வளவு பக்கத்தில் நின்றும் பின்னணியை உள்ளே விடுவதுதான் லென்ஸின் பங்கு. ஓர் அடி முன்னால் நகர்ந்தால் படம் வேறு படம் ஆகிவிடும். ஆகவே ஜூம் வளையத்தைத் திருப்புமுன் உட்காருங்கள், எழுந்திருங்கள், முன்னால் போங்கள். அப்புறம் ஜூமைத் தொடலாம்.

வேலை செய்பவர்களை எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். வைடில் எடுக்க மூன்று நான்கடி பக்கத்தில் போயாக வேண்டும், ஒளிந்து எடுக்கும் லென்ஸ் அல்ல இது. "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றால் பெரும்பாலும் சிரித்துத் தலையாட்டுவார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

ஃபோகஸ் எங்கே வைப்பது என்ற கேள்வி இங்கே வரும். முன்னால் உப்பும் தெளிவாக வேண்டும், பின்னால் அம்பாரமும் தெளிவாக வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு தூரத்தில் ஃபோகஸ் வைத்தால் அதன் பாதித் தூரத்திலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை தெளிவாகும். ஃபுல் ஃப்ரேமில் எஃப் 8-க்கு அந்தத் தூரம் 16 மி.மீ. லென்ஸில் 1.1 மீட்டர், 20-ல் 1.7 மீட்டர், 24-ல் 2.4 மீட்டர். 16-ல் 1.1 மீட்டரில் வைத்தால் 55 செ.மீ.யிலிருந்து எல்லாம் தெளிவு. பெரிதாகப் பிரின்ட் போடுவதானால் எஃப் 11-க்குப் போங்கள். எஃப் 16, 22 என்று மூடிக்கொண்டே போனால் சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுக்கவே கூர்மை குறையும், கிராப் சென்சாரில் அது இன்னும் சீக்கிரம் தெரியும். முன்பொருள் அதையும்விடப் பக்கத்தில் இருந்தால் டிரைபாடில் வைத்து, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று ஃபோகஸ் செய்து இரண்டையும் மென்பொருளில் சேர்த்துவிடலாம்.

மனிதர்களை எடுக்கும்போது

ஓரத்தில் நிற்பவர் ஏன் பெருக்கிறார்? நேர்கோட்டை நேராகவே காட்டும் லென்ஸ் அதற்குக் கொடுக்கும் விலை அது. உருண்டையான எதுவும், தலை உட்பட, ஓரத்தை நோக்கி இழுபடும். 16 மி.மீ.யில் இடவலக் கடைசி ஓரத்தில் இழுப்பு ஒன்றரை மடங்கு. 24-ல் ஒன்றேகால். 35-ல் எட்டில் ஒரு பங்குதான், யாரும் கவனிக்க மாட்டார்கள். விலை உயர்ந்த லென்ஸிலும் இது அப்படியே இருக்கும். லென்ஸின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே கல்யாண மேடையில் குடும்பமே நிற்கும்போது 16-ஐத் தொடாதீர்கள். நாற்காலிகளை நகர்த்தச் சொல்லி, பின்னால் போய் 35-ல் எடுங்கள். நகரவே இடமில்லை என்றால் 24, அதுவும் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு. ஓரத்தில் ஒல்லியானவர்களை நிறுத்துவது பழைய தந்திரம், இன்றும் வேலை செய்கிறது. வரிசையை லேசாக வளைத்து நிற்க வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஓரத்தில் இருப்பவர்கள் முன்னால் வந்தால் இன்னும் பெரிதாகத் தெரிவார்கள்.

ஒரே ஒருவரை வைடில் எடுப்பது வேறு கதை. ஒரு கொல்லரை அவர் பட்டறையோடு, ஒரு பாட்டியை அவர் சமையலறையோடு காட்ட 24 மி.மீ. அருமையானது. முகம் நடுவுக்கு அருகில் இருக்கட்டும், கேமரா அவர் நெஞ்சு உயரத்தில் மட்டமாக இருக்கட்டும். முகத்துக்கு மூன்றடிக்குள் போனால் மூக்கு முந்திக்கொள்ளும்.

கேமராவோடு சேர்ந்த குட்டி ஃபிளாஷைப் போட வேண்டாம். அதன் வெளிச்சம் கிட் லென்ஸின் அகலத்துக்குத்தான் போதும். 10 மி.மீ.யில் ஓரமெல்லாம் இருளும், கீழே லென்ஸின் நிழல் அரைவட்டமாக விழும்.

வெயில், ஃபில்டர், இரவு

இவ்வளவு அகலம் பார்க்கும் லென்ஸுக்குள் சூரியன் எப்படியும் வந்துவிடும். ஓரத்தில் அரைகுறையாக வருவதுதான் தொல்லை, பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் விழும். ஒன்று ஃப்ரேமுக்கு வெளியே தள்ளி, கையால் நிழல் காட்டுங்கள். இல்லையேல் துணிந்து உள்ளே கொண்டுவாருங்கள். எஃப் 11, 16-க்கு மூடி, தூணின் விளிம்பிலோ இலை இடுக்கிலோ சூரியனைப் பாதி மறைத்தால் நட்சத்திரம் போலக் கதிர்கள் விரியும். அப்பர்ச்சர் இதழ்கள் ஏழு இருந்தால் 14 கதிர், எட்டு இருந்தால் எட்டு, ஒன்பது இருந்தால் 18. லென்ஸின் விவரப் பட்டியலில் இதழ் எண்ணிக்கை இருக்கும். முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு எடுங்கள். ஒரு விரல் ரேகை போதும் எல்லாவற்றையும் கெடுக்க.

போலரைசர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் வைடில் வானத்தைக் கருநீலமாக்க முயல வேண்டாம். சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியிருக்கும் பட்டையில்தான் அது முழுசாக வேலை செய்யும். 16 மி.மீ. 97 டிகிரி பார்ப்பதால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்து, மீதி வெளுத்துக் கிடக்கும். அதை மென்பொருளில் சரிசெய்வது பெரும்பாடு. குளத்து நீரின் பளபளப்பைக் குறைக்கவும் ஈர இலைகளின் பச்சையை எடுக்கவும் போலரைசர் நல்லது, வானம் அதிகம் வராதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

இரவு வானத்துக்கு வைட் லென்ஸைவிடப் பொருத்தமானது கிடையாது. ஜவ்வாது மலையில் காவலூரில் வானாய்வகம் அமைந்ததற்கு அங்குள்ள இருட்டும் ஒரு காரணம். அந்த மலைப்பக்கம், ஊர் விளக்குகளுக்கு அப்பால், நிலா இல்லாத இரவில் பால்வீதி வெறும் கண்ணுக்கே தெரியும். அதன் மையப்பகுதி தெற்கே உச்சத்துக்கு வரும்போது அங்கிருந்து ஏறத்தாழ 48 டிகிரி உயரத்தில் நிற்கும். மே மாதத்தில் அது நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில். 16 மி.மீ. லென்ஸைப் படுக்கைவாட்டில் வைத்து 25 டிகிரி மேலே சாய்த்தால் கீழே மரங்களின் விளிம்பும் மேலே பால்வீதியும் சேர்ந்து அடங்கும். மட்டமாகப் பிடிக்க வேண்டும் என்று மேலே சொன்னதை இங்கே மறந்துவிடலாம், மரம் கொஞ்சம் சாய்ந்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 15-லிருந்து 20 விநாடி. எத்தனை விநாடி என்று பார்க்க 500-ஐ மி.மீ.யால் வகுக்கும் பழைய விதி ஃபிலிம் காலத்துக்கு உரியது. இன்றைய கேமராக்களில் 300-ஐ வகுத்தால்தான் நட்சத்திரம் புள்ளியாக நிற்கும். கிராப் கேமரா என்றால் ஃபுல் ஃப்ரேமுக்குச் சமமான மி.மீ.யைப் போட்டு வகுக்க வேண்டும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். பிறகு அந்த வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் இருட்டில் கை பட்டு நகராது.

கம்ப்யூட்டரில்

ரா (RAW) கோப்பாக எடுத்திருந்தால் முதலில் லென்ஸ் புரொஃபைலைப் போடுங்கள், கோடுகளின் வளைவும் மூலை இருட்டும் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். அப்புறம் செங்குத்துத் திருத்தம். தவிர்க்க முடியாமல் மேலே சாய்த்து எடுத்த படங்களை லைட்ரூமின் வெர்டிகல் ஸ்லைடர் நிமிர்த்திக் கொடுக்கும். நிமிர்த்தும்போது இரண்டு பக்கமும் ஆப்பு வடிவில் வெட்டுப்படும், அதனால் எடுக்கும்போதே பக்கங்களில் தாராளமாக இடம் விட்டிருக்க வேண்டும். அதிகம் சாய்த்து எடுத்த கோபுரத்தை முழுக்க நிமிர்த்தினால் உச்சிக் கலசங்கள் நீண்டு, கோபுரமே தலை பெருத்தாற்போல் தெரியும். முக்கால்வாசி நிமிர்த்தி நிறுத்திவிடுங்கள். அண்ணாந்து பார்ப்பவனுக்குக் கோபுரம் கொஞ்சம் குறுகித்தான் தெரியும், படத்திலும் அந்தக் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் கண்ணுக்கு உறுத்தாது.